கரண்ட் பதில்கள்

போன இதழில் ‘சுவிட்சுக்கு மூளை மாற்று சிகிச்சை’ என்று எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் எப்படி ஆரம்பிப்பது என்கிறார்கள். மீதிப் பேர் ஆரம்பித்துவிட்டோம், எப்படி மீள்வது என்கிறார்கள். இருவரையும் கலந்தே உட்கார வைத்திருக்கிறேன். முன்னவர் பின்னவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கே: ஃபர்ம்வேர் என்றால் என்ன? ஒரே மூச்சில் சொல்லவும்.
— அவசரக்காரி, ஆரணி

ப: சுவிட்சோ பிளக்கோ தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது அதன் சிப்பில் கம்பெனி எழுதி அனுப்பும் தலையெழுத்து. மனிதத் தலையெழுத்தை மாற்ற முடியாது என்பார்கள். இதை மாற்றலாம். நாலு ஒயரும் ஒரு பொத்தானும் போதும்.

கே: என் ஸ்மார்ட் பிளக் இரண்டு வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. அதைப் போய் ஏன் நோண்ட வேண்டும்?
— திருப்தியானவர், திருப்பத்தூர்

ப: வேண்டாம். ஆனால் ஒரே ஒரு சோதனை. வீட்டு இணைய இணைப்பை மட்டும் பிடுங்கிவிட்டு, செயலியில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். பல பிளக்குகள் அசையாது. ஹாலில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அதே ஹாலில் தொங்கும் விளக்கைப் போட, கட்டளை எங்கோ ஒரு சர்வர் வரை போய்க் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புகிறது. அந்த சர்வர் ஓடுவது கம்பெனியின் தயவு.

அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு வீட்டுக் கருவி ஏறக்குறைய 300 டாலருக்கு விற்றது. அந்தக் கம்பெனியை நெஸ்ட் 2014-ல் வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. 300 டாலர் கருவி ஒரே நாளில் பேப்பர் வெயிட். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் சர்வர்களை அணைத்தது. கடைசியில் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கித்தான் அதற்கு உயிர் கொடுத்தார்கள். விளக்கு எரியக் கம்பெனியை விலைக்கு வாங்குவதைவிட ஃபர்ம்வேரை மாற்றுவது மலிவு.

கே: டாஸ்மோட்டா, டாஸ்மோட்டா என்கிறீர்களே, டாஸ்மாக்குக்கு ஏதாவது உறவா?
— நிதானமானவர், நாகர்கோவில்

ப: இரண்டிலும் இறங்கியவர்கள் ராத்திரி தூங்குவதில்லை. அதற்கு மேல் உறவில்லை. நெதர்லாந்துக்காரர் தியோ அரெண்ட்ஸ், சோனாஃப் என்ற மலிவான சீன ரிலே பெட்டிக்காக 2016 வாக்கில் எழுத ஆரம்பித்த ஃபர்ம்வேர் இது. தியோ, அரெண்ட்ஸ், சோனாஃப், எம்.க்யூ.டி.டி., ஓ.டி.ஏ. ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளை ஒட்டினால் டாஸ்மோட்டா. இதில் ஓ.டி.ஏ. என்பது காற்று வழியே ஃபர்ம்வேரை ஏற்றுவது. எம்.க்யூ.டி.டி. என்பது கருவிகள் தங்களுக்குள் சீட்டு அனுப்பிக்கொள்ளும் முறை. 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கப் பிறந்தது. பாலைவனத்துக் குழாயைப் பார்த்துக்கொள்ளப் பிறந்தது இப்போது உங்கள் வீட்டு பாத்ரூம் விளக்கைப் பார்த்துக்கொள்கிறது.

கே: டாஸ்மோட்டாவா, இ.எஸ்.பி.ஹோமா? எது நல்லது?
— இரட்டை மனசு, ஈரோடு

ப: ஈரோட்டுக்காரருக்கு ஜவுளிக் கணக்கில் சொல்கிறேன். டாஸ்மோட்டா ரெடிமேட் சட்டை. போட்டுக்கொண்டு, கருவிக்குள்ளேயே திறக்கும் பக்கத்தில் பொத்தானைக் கொஞ்சம் இடம் மாற்றித் தைத்துக்கொள்ளலாம். ஓட்டோ விண்டர் என்பவர் தொடங்கிய இ.எஸ்.பி.ஹோம், அளவு கொடுத்துத் தைப்பது. எந்த முனையில் ரிலே, எதில் பொத்தான் என்று ஒரு கோப்பில் நீங்கள் எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு கருவிக்கென்றே ஃபர்ம்வேர் தயாராகும். முதல் தீபாவளிக்கு ரெடிமேட் போதும்.

கே: பெட்டியில் ‘ஸ்மார்ட்’ என்று போட்டிருக்கும் எதையும் மாற்றலாமா?
— நம்பிக்கைவாதி, நாமக்கல்

ப: பெட்டியைப் படிக்காதீர்கள், சிப்பைப் படியுங்கள். ஷாங்காயின் எஸ்பிரஸிஃப் 2014-ல் கொண்டுவந்த இ.எஸ்.பி.8266 உள்ளே இருந்தால் கவலையில்லை. ஒரு காலத்தில் டூயா என்ற பெருங்குடும்பத்துப் பிளக்குகள் பலவற்றிலும் அதுதான் இருந்தது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் மிக்கேல் ஸ்டைகர்வால்ட் அவற்றின் ஓட்டையை மேடையில் காட்டினார். அதைத் தொடர்ந்து வந்த டூயா-கன்வர்ட், மூடியைக்கூடத் திறக்காமல் காற்று வழியே ஃபர்ம்வேரை மாற்றித் தந்தது. பொற்காலம். பிறகு கம்பெனி ஓட்டையை அடைத்தது. சிப்பும் மாறி, பெக்கன் பி.கே.7231 வந்து உட்கார்ந்தது. அதற்கும் ஓப்பன்பெக்கன், லிப்ரடைனி என்று ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆனால் ஒரே பெட்டி, ஒரே படம், ஒரே விலை, உள்ளே மட்டும் வேறு சிப் என்பது இந்த வியாபாரத்தில் சாதாரணம். பத்து வேண்டுமென்றாலும் முதலில் ஒன்று வாங்கித் திறந்து பாருங்கள்.

கே: புது ஃபர்ம்வேரை ஃபிளாஷ் செய்ய, அதாவது ஏற்ற, முயன்றால் ‘கனெக்டிங்’ என்று வந்து, பின்னால் புள்ளி புள்ளியாகப் போய், கடைசியில் நேரம் முடிந்தது என்று கை விரிக்கிறது. கோலம் போடுவது போல இருக்கிறது. நாலு நாளாகிறது.
— புள்ளி வைத்தவர், புதுக்கோட்டை

ப: சிப் உங்கள் குரலையே கேட்கவில்லை. கோளாறு இந்த நான்கில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒன்று, டி.எக்ஸ். என்பது வாய், ஆர்.எக்ஸ். என்பது காது. வாயை வாயோடு கட்டினால் பேச்சு நடக்காது. லேப்டாப்பையும் கருவியையும் இணைக்கும் யு.எஸ்.பி. சீரியல் பலகையின் டி.எக்ஸ். முனை சிப்பின் ஆர்.எக்ஸ். முனைக்குப் போக வேண்டும்.

இரண்டு, கரண்ட் ஏறும் அந்தக் கணத்தில் ஜி.பி.ஐ.ஓ. 0 முனை கிரவுண்டைத் தொட்டிருக்க வேண்டும். அப்போதுதான் சிப் ‘எழுதிக்கொள்ளத் தயார்’ என்று உட்காரும். பழைய சோனாஃப் பேசிக்கில் அதன் பொத்தானே அந்த முனைதான். பொத்தானை அமுக்கியபடி பவர் கொடுத்துவிட்டு, பிறகு கையை எடுக்கலாம். பவர் கொடுத்துவிட்டுப் பிறகு அமுக்குவது, பஸ் போன பிறகு கை காட்டுவது.

மூன்று, கிரவுண்ட் ஒயர். பலகைக்கும் கருவிக்கும் அது பொதுவாக இருக்க வேண்டும்.

நான்கு, யு.எஸ்.பி. கேபிள். ஹெட்போனோடு வந்த கேபிள்களில் சில சார்ஜ் மட்டும்தான் செய்யும், உள்ளே டேட்டா ஒயரே கிடையாது. நாலு நாள் என்கிறீர்கள். எனக்கு நாலாவதன் மேல்தான் சந்தேகம்.

கே: 3.3 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட் கொடுத்தால் வேகமாக ஏறுமா?
— வேகம் விரும்பி, வேலூர்

ப: ஏறும். சொர்க்கத்துக்கு.

கே: ஃபிளாஷ் நூறு சதவீதம் முடிந்தது. ஆனால் திரும்ப ஆன் செய்தால் வைஃபை பெயர் வருகிறது, மறைகிறது, வருகிறது. கண்ணாமூச்சி ஆடுகிறது.
— ஏமாந்தவன், ஏற்காடு

ப: பசி. எழுதும்போது சிப் வைஃபையை எழுப்புவதில்லை, கொஞ்சம் கஞ்சி போதும். வேலையை ஆரம்பித்ததும் வைஃபை எழுந்து இலை போடச் சொல்கிறது. சிக்னல் அனுப்பும்போது சிப் 170 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கேட்கும், நொடியில் துளிநேரம் அதற்கும் மேல். எஃப்.டி.232 வகைப் பலகையில் அந்தச் சிப்பே தரும் 3.3 வோல்ட் முனையோ 50 மில்லி ஆம்பியர்தான் பரிமாறும். ஆகவே சிப் மயங்கி விழுகிறது, எழுகிறது, விழுகிறது. தனியாக நல்ல 3.3 வோல்ட் சப்ளை கொடுங்கள். கோளாறு வந்ததும் எல்லோரும் ஃபர்ம்வேரைத் திட்டுகிறோம். நான் பார்த்த வரையில் பத்தில் ஏழு முறை குற்றவாளி சாப்பாடுதான்.

கே: சீரியல் திரையில் வருவது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கல்வெட்டு ஆய்வாளரைக் கூப்பிட வேண்டுமா?
— எழுத்தறிவாளர், எழும்பூர்

ப: வேண்டாம். திரையின் வேகத்தை 74880-க்கு மாற்றுங்கள், கல்வெட்டு பேசும். இந்த விசித்திர எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இ.எஸ்.பி.8266-ன் பிறவி நிரல், பக்கத்தில் 40 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருக்கிறது என்ற நினைப்பில் 115200 வேகத்தில் பேசப் பார்க்கிறது. பெரும்பாலான கருவிகளில் இருப்பது 26 மெகாஹெர்ட்ஸ் படிகம். 115200-ஐ 40-ஆல் வகுத்து 26-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 74880. தப்புக் கடிகாரம் கட்டியவர் ஒழுங்காகவே நடந்தாலும் எல்லா இடத்துக்கும் தாமதமாக வருவார், அதே கதை.

திரையில் வரும் வரியில் ‘பூட் மோட்’ என்று ஒரு அடைப்புக்குறி வரும். உள்ளே முதல் எண் 1 என்றால் எழுதிக்கொள்ளத் தயார். 3 என்றால் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிட்டது, உங்கள் ஜி.பி.ஐ.ஓ. 0 கிரவுண்டைத் தொடவில்லை.

கே: பிளக்கைச் சுவரில் மாட்டியபடியே லேப்டாப் ஒயரையும் இணைத்து ஃபிளாஷ் செய்தால் பவருக்குத் தனி ஏற்பாடு வேண்டாமே?
— சிக்கனவாதி, சிவகாசி

ப: இந்தக் கேள்விக்கு மட்டும் வேடிக்கையான பதில் கிடையாது. கூடவே கூடாது. இந்த மலிவுக் கருவிகள் பலவற்றில் சிப்பின் கிரவுண்ட், மெயின் கரண்ட்டோடு நேராகச் சேர்ந்திருக்கும். நடுவே தடுப்பே இல்லை. 3.3 வோல்ட் என்று நீங்கள் தொடும் இடம் பூமியைப் பொறுத்தவரை 230 வோல்ட்டில் நிற்கலாம். லேப்டாப் போகும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம். சுவரிலிருந்து கழற்றி, ஐந்து நிமிடம் வைத்து, பிறகு ஒயர் இணையுங்கள். ஃபிளாஷ் முடிந்து, ஒயர்களைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஸ்க்ரூ முடுக்கிய பிறகுதான் சுவருக்குப் போக வேண்டும். மூடி திறந்திருக்கும் வரை சுவர் உங்களுக்குப் பகை வீடு.

கே: ஃபிளாஷ் செய்வதற்கு முன் எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும்?
— பக்தன், பழனி

ப: பிள்ளையாரை. பிள்ளையார் சுழி போல முதல் வேலை, கம்பெனியின் பழைய ஃபர்ம்வேரை அப்படியே படித்து லேப்டாப்பில் சேமிப்பது. திரும்பிப் போக வழி இருந்தால் கை நடுங்காது.

கே: அப்டேட் பாதியில் கரண்ட் போய்விட்டது. என் சுவிட்ச் செங்கல் ஆகிவிட்டதா?
— கலங்கியவள், கரூர்

ப: இந்த ஜாதி சிப்பைச் செங்கலாக்குவது எளிதல்ல. ஒயர் வழியாக ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்ளும் பிறவி நிரல், சிப்பைச் செய்யும்போதே அழிக்க முடியாதபடி பதித்தது. நீங்கள் எழுதுவது அதற்கு மேலே இருக்கும் வேறு இடத்தில். அந்த இடத்தில் எதைக் கிறுக்கியிருந்தாலும், நாலு ஒயரையும் ஒரு பொத்தானையும் பிடித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அப்டேட் இரண்டு படியாக நடப்பதற்கும் காரணம் உண்டு. பழைய கருவிகளில் மொத்த இடமே 1 எம்.பி. முழு ஃபர்ம்வேரை வைத்துக்கொண்டே இன்னொரு முழு ஃபர்ம்வேரை இறக்க இடம் போதாது. அதனால் முதலில் ‘மினிமல்’ என்ற குட்டி வரும், பிறகு அது பெரியதை உள்ளே அழைக்கும். ஒண்டுக்குடித்தனத்தில் பீரோ மாற்றுவது போல, பழையது வெளியே போனால்தான் புதியது உள்ளே நுழையும். உங்கள் சுவிட்ச் அந்தக் குட்டியோடு நின்றிருந்தால் ஒயர்கூட வேண்டாம். அதன் பக்கத்தைத் திறந்து மறுபடி முழுசை ஏற்றுங்கள்.

கே: எங்கள் தெருவில் மழைக்காலத்தில் கரண்ட் விக்கல் எடுக்கும். போன வாரம் போய்ப்போய் வந்ததில் எட்டு டாஸ்மோட்டா சுவிட்சும் பெயர், வைஃபை, கடவுச்சொல் எல்லாவற்றையும் மறந்துவிட்டன. மின்னலா?
— நனைந்தவர், நாகப்பட்டினம்

ப: மின்னல் இல்லை. அக்கறை. யாராவது தப்பான அமைப்பைப் போட்டு உள்ளே நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டால் தப்பிக்க, டாஸ்மோட்டாவில் ஒரு கொல்லைப்புறக் கதவு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பத்து நொடிக்குள் என்று ஆறு முறை ஆஃப்-ஆன் செய்து, ஏழாவது முறை ஆனில் விட்டால் கருவி எல்லா அமைப்பையும் துடைத்துவிட்டுப் பிறந்த குழந்தையாகும். நெதர்லாந்தில் இதை மனிதர்கள் விரலால் செய்ய வேண்டும். நம் ஊரில் அதற்கு மழைக்காலமே போதும்.

மருந்து ஒரு வரி. ஒவ்வொரு கருவியின் கன்சோலிலும் ‘செட்ஆப்ஷன்65 1’ என்று கொடுத்தால் அந்தக் கதவு பூட்டப்படும். கூடவே ‘பவர்ஆன்ஸ்டேட்’ என்பதையும் பாருங்கள். 0 என்று வைத்தால் கரண்ட் திரும்பும்போது கருவி அணைந்தே எழும், 3 என்றால் போகும்போது இருந்த நிலையிலேயே எழும். படுக்கையறை விளக்கு 3 என்றிருந்து, நீங்கள் அதைப் போட்டபடியே தூங்கியிருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் வந்த செய்தியை அது முகத்துக்கு நேரே அறிவிக்கும்.

கே: செயலியில் ‘ஆன்’ என்று காட்டுகிறது, விளக்கு எரியவில்லை. ஃபர்ம்வேரை மூன்று முறை மாற்றிவிட்டேன்.
— விடாக்கண்டன், விருதுநகர்

ப: ஃபர்ம்வேரை விடுங்கள், காதைக் கொடுங்கள். ரிலே ஆன் ஆகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். அந்த டிக்கை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

டிக் வருகிறது, விளக்கு எரியவில்லை: மூளை சொன்னதைக் கை கேட்டுவிட்டது. கோளாறு அதற்கு அப்பால். திருகு முனையில் ஒயர் தளர்ந்திருக்கலாம், ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கலாம், ரிலேயின் தொடுமுனை கரிந்திருக்கலாம். அல்லது, வெட்கத்தோடு சொல்கிறேன், பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கலாம்.

விளக்கு எப்போதும் எரிகிறது, அணைத்தாலும் அணைவதில்லை: தொடுமுனைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டுவிட்டன. ரிலேயைத் தட்டினால் சில சமயம் பிரியும். பிரிந்தது போல் நடித்து மறுபடி சேரும். ரிலேயை மாற்றுவதுதான் தீர்வு.

டிக் வரவில்லை, கருவி அணைந்து அணைந்து எழுகிறது: இது சுவாரசியமானது. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உங்கள் ஊர் மெக்கானிக் என்ன சொல்வார்? ‘கண்டன்சர் போயிடுச்சு சார்.’ அவர் கண்டன்சர் என்பதுதான் கெபாசிட்டர். மலிவான பிளக்குகள் சிலவற்றில் 230 வோல்ட்டைக் குறைப்பதற்கு டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, ஒரு பெட்டிக் கெபாசிட்டர்தான் சொட்டுச் சொட்டாகக் கரண்ட்டை விடுகிறது. மின்னழுத்தம் துள்ளும்போதெல்லாம் அதன் உள்ளே ஒரு புள்ளி ஓட்டையாகும். அந்த இடத்து உலோகப் படலம் தானே எரிந்து விலகி ஓட்டை ஆறிவிடும். ஆனால் ஒவ்வொரு காயத்துக்கும் கொஞ்சம் சதை போகிறது. சில வருடங்களில் 0.33 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பதை அளந்தால் பாதிகூட இருக்காது. வைஃபைக்குப் போதும் கரண்ட், ரிலேயைத் தூக்கப் போதாது. ரிலே எழ முயல்கிறது, வோல்ட் சரிகிறது, சிப் மயங்குகிறது.

இன்னொரு குற்றவாளி உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். தலை உப்பியிருந்தால் கதை முடிந்தது. பத்து டிகிரி சூடு கூடினால் இதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. விருதுநகர் மே மாதத்தில், காற்றோட்டமில்லாத சுவர்ப் பெட்டிக்குள் அது என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். ஈயம் பற்றவைக்கத் தெரிந்தால் மாற்றுங்கள், தெரியாதென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். மெயின் கரண்ட் பகுதி பயிற்சி மைதானம் அல்ல.

கே: மொட்டை மாடித் தொட்டிக்கு 1 எச்.பி. மோட்டார். 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் மாட்டினேன். இரண்டு மாதத்தில் மோட்டார் நிற்க மறுத்து, தெருவே நனைந்தது.
— தண்ணீர் பந்தல் நடத்தியவர், தர்மபுரி

ப: பிளக்கின் முதுகில் எழுதியிருக்கும் 16 ஆம்பியர், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்கானது. மோட்டார் சாது இல்லை. ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர் கேட்கும். கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நிறுத்தும்போது பொறி கிளப்பும். ஒவ்வொரு பொறியும் ஒரு சின்ன வெல்டிங். இரண்டு மாதத்தில் உங்கள் ரிலே வெல்டிங் பட்டறையில் டிப்ளமோ முடித்துவிட்டது.

அதிகாரி கையெழுத்து மட்டும் போடட்டும், மூட்டையை வேறு ஆள் தூக்கட்டும். ஸ்மார்ட் ரிலே ஒரு காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்க வேண்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோடு ரிலே இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். மென்பொருளுக்கு எவ்வளவு மூளை வந்தாலும், அந்தப் பழைய மடையன்தான் மோட்டாரைக் காப்பாற்றுவான்.

கே: கீசருக்கு?
— குளிர்ந்தவர், குன்னூர்

ப: 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர், 3000 வாட் என்றால் 13. அதுவும் கால் மணி, அரை மணி என்று விடாமல். முதலாவதுக்கு 10 ஆம்பியர் பிளக் கணக்கில் தப்பிக்கும், கையால் தொட்டால் சுடும். பெரிய கீசர் என்றால் இங்கேயும் காண்டாக்டரே.

கே: ஆளியை நிறுத்தின பிறகும் மின்குமிழ் இரவு முழுக்க மெல்ல மினுங்குது. வீட்டில் பேய் எண்டு அம்மம்மா சொல்லுறா.
— பயந்தவன், யாழ்ப்பாணம்

ப: ‘ஆளி’ என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் சுவிட்ச் சுவிட்ச் என்று எழுதுவது கூச்சமாகிவிட்டது. அம்மம்மாவிடம் சொல்லுங்கள், பேய் இல்லை, கஞ்சத்தனம். உங்களுடையது நியூட்ரல் இல்லாத வகைப் புத்திசாலி ஆளியாக இருக்கும். பழைய வீடுகளில் ஆளிப் பெட்டிக்கு ஃபேஸ் ஒயர் மட்டுமே இறங்கும். அந்த ஆளி உயிர்வாழத் தேவையான துளிக் கரண்ட்டை மின்குமிழ் வழியாகவே திருட்டுத்தனமாக அனுப்பித் திரும்பப் பெறுகிறது. குண்டு பல்புக்கு அது உறைக்காது. எல்.இ.டி.க்கு உறைக்கும். விளக்கு முனையில் இதற்கென்றே விற்கும் பைபாஸ் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டால் துளி அதன் வழியே போய்விடும். நியூட்ரல் இழுத்து, அது தேவைப்படும் வகை ஆளியை மாட்டுவது அதைவிட உத்தமம்.

கே: சுவிட்ச் பாக்ஸில் எறும்பு வருமா?
— இனிப்பானவள், இராஜபாளையம்

ப: வருமாவா! என் வீட்டு மாடிப்படி சுவிட்ச் தானாக அணைந்து எரிந்தது. மூன்று நாள் ஃபர்ம்வேரைத் திட்டி, இரண்டு முறை மறுபடி ஏற்றி, வைஃபை சேனல் மாற்றி, கடைசியில் மூடியைத் திறந்தால் பொத்தானுக்கு அடியில் ஒரு குடியிருப்பு. ராணி, படை, முட்டை, சகலமும். 1947-ல் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ரிலேக்குள் அகப்பட்ட அந்துப்பூச்சியைப் பொறியாளர்கள் குறிப்பேட்டிலேயே ஒட்டிவைத்தார்கள். நான் ஒட்டவில்லை, அவ்வளவு பெரிய குறிப்பேடு இல்லை. ஒயர் நுழையும் துளைகளை அடையுங்கள். மெயினை அணைக்காமல் எறும்பு மருந்து அடிக்காதீர்கள்.

கே: புது ரவுட்டர் வாங்கினேன். ஃபோன் பறக்கிறது, சுவிட்சுகள் எல்லாம் செத்துவிட்டன.
— நவீனமானவர், நங்கநல்லூர்

ப: சாகவில்லை, முதலாளியைத் தேடிக்கொண்டிருக்கின்றன. இ.எஸ்.பி.8266-க்குத் தெரிந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். 5-ல் பேசினால் அதன் காதில் விழாது. பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்திருந்தாலும் வாசலில் நின்றுவிடும். 2.4-ஐத் தனியாகப் பிரித்து, டபிள்யூ.பி.ஏ.2-ஐ அனுமதித்து, பழைய ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்கு வையுங்கள். ஒன்றும் நடக்காதது போல எல்லாம் திரும்பிவரும்.

கே: 9 வாட் பல்புக்கு என் பிளக் 14 வாட் காட்டுகிறது. மின்வாரியத்தோடு சேர்ந்துகொண்டதா?
— கணக்குப்பிள்ளை, காரைக்குடி

ப: உங்கள் பிளக் இன்னும் அளவு பழகவில்லை. தொழிற்சாலையில் அதற்குச் செய்த சரிபார்ப்பு, பழைய ஃபர்ம்வேரோடு போய்விட்டது. பரணில் 60 வாட் அல்லது 100 வாட் குண்டு பல்பு இருந்தால் எடுங்கள். அது நேர்மையான சுமை, ஒளிவுமறைவு இல்லாமல் கரண்ட் எடுக்கும். எல்.இ.டி. அப்படியல்ல. நம்பகமான மீட்டரில் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் அளந்து டாஸ்மோட்டாவிடம் சொல்லிவிடுங்கள். பல்பில் எழுதியிருக்கும் 60 வாட்டை அப்படியே நம்பாதீர்கள். சாயங்காலம் உங்கள் தெருவில் 200 வோல்ட் வந்தால் அதுவும் 60 இருக்காது.

கே: பட்டறைக்கு என்னென்ன வாங்க வேண்டும்?
— மாமனார் வீட்டில் பணம் கேட்கப் போகிறவர், மன்னார்குடி

ப: 3.3 வோல்ட் அமைப்புள்ள யு.எஸ்.பி. சீரியல் பலகை, மல்டிமீட்டர், மெல்லிய முனை சோல்டரிங் இரும்பு. நான்காவதை வாங்க வேண்டாம், செய்துகொள்ளலாம்: நம் ரேடியோ மெக்கானிக்குகளின் சீரிஸ் லாம்ப். பழுது பார்த்த கருவியை மூடி போட்ட பிறகு, நேரே சுவரில் செருகாமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்ட சாக்கெட்டில் செருகுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கருவி வெடிக்காது. குண்டு பல்பு கடையிலிருந்து மறைந்தாலும் பட்டறையில் மறையக்கூடாது. மாமனாரிடம் மல்டிமீட்டருக்கு மட்டும் கேளுங்கள், கௌரவமாக இருக்கும்.

கே: வெளியூரிலிருந்து இயக்க, ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டால் போதுமா?
— ஊர் சுற்றி, ஊட்டி

ப: வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஊட்டியில் உட்கார்ந்து வீட்டைப் பார்க்கும் திட்டம். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் படையாகத் திரட்டி இணையத்தின் பெரிய பகுதியையே தள்ளாட வைத்தது. வி.பி.என். வழியாக வீட்டுக்குள் நுழைந்து இயக்குங்கள். கருவியின் பக்கத்துக்கும் கடவுச்சொல் போடுங்கள். ‘12345’ என்பது கடவுச்சொல் அல்ல, எண்ணுப் பயிற்சி.

கே: இதெல்லாம் சட்டப்படி குற்றமில்லையா?
— பயபக்தியுள்ளவர், பரமக்குடி

ப: காசு கொடுத்து வாங்கிய உங்கள் பொருள். போவது வாரண்டிதான். இந்த வழக்கமே ஒரு ரவுட்டரில் தொடங்கியது. 2002-ல் வந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி-க்குள் லினக்ஸ் ஓடுவதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி மாற்றிய மூல நிரலை வெளியிட்டாக வேண்டும். கேட்டார்கள், கம்பெனி 2003-ல் வெளியிட்டது. அதிலிருந்து முளைத்தது 2004-ன் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. திறந்து பார்க்க ஆசைப்பட்டவர்களின் பரம்பரை நீங்கள், தலை நிமிர்ந்து சோல்டர் செய்யுங்கள்.

கே: மாமியார் தூங்கப் போகும்போது எல்லாச் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறார். என் ஸ்மார்ட் பல்புகள் எல்லாம் ஆஃப்லைன். அவரை எப்படி மாற்றுவது?
— பெயர் வேண்டாம், மயிலாடுதுறை

ப: அவருடைய ஃபர்ம்வேருக்கு அப்டேட் இல்லை, முயற்சியும் வேண்டாம். தப்பு உங்கள் பொருளில். ஸ்மார்ட் பல்பு வைத்த வீட்டில் சுவர் சுவிட்ச் எதிரி. சுவிட்சையே ஸ்மார்ட்டாக்கி, சாதாரண பல்பு போட்டால் அதே சுவிட்ச் நண்பன். அவர் விரலும் வேலை செய்யும், உங்கள் ஃபோனும் வேலை செய்யும், வீட்டில் வேலை செய்யாமல் இருப்பது சண்டை மட்டும்.

கே: ஒரு விளக்கைப் போட இத்தனை ஒயர், இத்தனை எண், இத்தனை எறும்பா? எழுந்து போய்ச் சுவிட்சைத் தட்டினால் ஆகாதா?
— எழுபத்தைந்து வயது, எட்டயபுரம்

ப: ஆகும் ஐயா. ஆக வேண்டும். இணையம் போனாலும், கம்பெனி மூடினாலும், ரவுட்டர் எரிந்தாலும், சுவரைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ஒயரும் எண்ணும். என் வீட்டில் பதினான்கு சுவிட்சுக்கு மூளை மாற்றியிருக்கிறேன். அம்மா தினமும் விளக்கைப் போடுகிறார், அணைக்கிறார். அவற்றுக்கு மூளை இருப்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு வேண்டாம்.